நீங்க முதல்ல ஏறுங்க, சம்பந்தி

தீம் பார்க்கின் வாசலிலேயே எங்களால் வரிசை நின்றுபோனது. டிக்கெட்டைக் காட்டினால் இரும்புக் கம்பி ஒரு சுற்றுச் சுற்றி ஓர் ஆளை உள்ளே விடும். என் வீட்டுக்காரர் டிக்கெட்டைக் காட்டினார். கம்பி திறந்தது. உடனே ஒதுங்கி நின்று, சம்பந்தியை முதலில் போகச் சொல்லிக் கை நீட்டினார். சம்பந்தி அதைவிடப் பணிவாகப் பின்வாங்கி, பின்னால் நின்ற குழந்தை வண்டியின் மேல் கிட்டத்தட்ட உட்கார்ந்தே விட்டார். இருவரும் ஒருவர் முதுகை ஒருவர் தடவிக்கொண்டிருக்கையில் கம்பி பொறுமையிழந்து பூட்டிக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது, ஏதோ கூவியது. சீருடை போட்ட பெண் ஒருத்தி ஓடி வந்தாள். எங்கள் மொழி அவளுக்குத் தெரியாது. ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. இருவரையும் பக்கவாட்டுக் கதவுக்குக் கூட்டிப் போய் ஒரே நேரத்தில் உள்ளே தள்ளினாள். எனக்கு அவளை எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

நான் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியை. வரிசையில் ஒழுங்காக நிற்காதவர்களைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னால் கையையும் கட்டிக்கொண்டு, வாயையும் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். பெண்ணைக் கொடுத்தவர்கள் நாங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பெண்ணை எடுத்தவர்கள் எங்களைவிட அதிகமாகக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சம்பந்தி மின்சார வாரியத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பந்தியம்மா கல்யாண மண்டபம் நடத்துகிறார். வந்தவரை உட்கார வைப்பதும், உட்கார்ந்தவரைச் சாப்பிட வைப்பதும், சாப்பிட்டவரை இன்னொரு தடவை சாப்பிட வைப்பதும் அவர் தொழில். அந்தத் தொழிலை அவர் மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் எனக்கு ஒரு பிரச்சினையும் இருந்திருக்காது.

என் பிரச்சினை இதுதான். என் மகளிடம் எனக்குத் தனியாகக் கொஞ்ச நேரம் வேண்டும். கல்யாணமாகி வெளிநாட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிவிட்டது. எங்களுக்கு விமான டிக்கெட் எடுத்து அனுப்பிய அன்று போனில் சொன்னாள்: "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. போன்ல வேணாம், நேர்ல வா." குரல் ஒரு மாதிரி இருந்தது. என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் என் வீட்டுக்காரர் நடுவில் நுழைந்து, அங்கே குளிருமா, ஸ்வெட்டர் எடுத்து வரவா என்று கேட்டுப் பேச்சைக் கெடுத்துவிட்டார். அவர் தபாலாபீஸ் கவுன்டரில் இருந்தவர். எந்தக் கடிதமும் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல செய்தி என்றால் போனிலேயே வழிந்திருக்கும். நேரில் சொல்ல வேண்டிய செய்தி வேறு வகை. பிள்ளைகள் பரீட்சைப் பேப்பரைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற நடை எனக்குத் தெரியும்.

வந்து ஒரு வாரமாகியும் கேட்க முடியவில்லை. இரண்டு அறை வீடு. எங்களுக்கு ஓர் அறை, சம்பந்திகளுக்கு ஓர் அறை. மகளும் மாப்பிள்ளையும் கூடத்தில். அவள் சோபாவில், அவர் கீழே மெத்தையில். விடிவதற்குள் எழுந்து சமையலறைக்குப் போனால் மகளைத் தனியாகப் பிடிக்கலாம் என்று பார்த்தேன். அங்கே சம்பந்தியம்மா எனக்கு முன்னால் எழுந்து பாலைக் காய்ச்சிக்கொண்டிருப்பார். "நீங்க ஏன் எழுந்தீங்க, போய்ப் படுங்க" என்று என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்புவார். மறுநாள் நான் இன்னும் சீக்கிரம் எழுந்தேன். அவர் அதைவிடச் சீக்கிரம் எழுந்தார். இப்படியே போனால் இருவரும் தூங்காமல் சமையலறையிலேயே குடியிருக்க வேண்டியதுதான் என்று விட்டுவிட்டேன்.

தீம் பார்க்குக்கு வந்த நாளின் மறுநாள் எங்கள் நால்வருக்கும் ஊருக்கு விமானம். மிச்சமிருந்தது இந்த ஒரு நாள்தான். தீம் பார்க் பெரிய இடம், கூட்டமும் அதிகம். எங்காவது ஒரு மூலையில் மகளைத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டுவிடலாம் என்று நம்பித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன்.

உள்ளே நுழைந்ததும் பாதை மூன்றாகப் பிரிந்தது. நடுவில் ஒரு கரடி நின்றது. அதாவது கரடித் தோலுக்குள் ஓர் ஆள். வருகிறவர்களையெல்லாம் கட்டிப் பிடித்தது. புதருக்குள் ஸ்பீக்கரை ஒளித்து வைத்துக் குருவிகளைக் கத்தவிட்டிருந்தார்கள். கரடியின் பக்கத்தில் நின்று மாப்பிள்ளை வரைபடத்தை விரித்தார். எந்தப் பக்கம் போகலாம் என்று என்னைக் கேட்டார். நான் சம்பந்தியம்மாவைக் காட்டினேன். அவர் என் வீட்டுக்காரரைக் காட்டினார். இவர் சம்பந்தியைக் காட்டினார். சம்பந்தி, இளசுகள் சொல்லட்டும் என்று மகளைக் காட்டினார். மகள் மாப்பிள்ளையைப் பார்த்து, "உங்களுக்கு எது பிடிக்குமோ அங்க போலாங்க" என்றாள். அவர், "இல்ல, நீயே சொல்லு. எனக்கு எதுன்னாலும் சரி" என்றார். வரைபடம் கை மாறிக் கை மாறிக் கடைசியில் கரடியிடமே போய்ச் சேர்ந்தது.

"பாருங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக் கொடுக்கிறதுல நம்ம பிள்ளைங்க நம்மளையே மிஞ்சிட்டாங்க" என்று சம்பந்தியம்மா என் காதில் சொல்லிப் பூரித்துப்போனார். நானும் தலையை ஆட்டினேன்.

யாருக்கும் மனத்தாங்கல் வராத ராட்டினமாகத் தேடினோம். அப்படி அகப்பட்டது குட்டிக் குழந்தைகள் ஏறும் குதிரை ராட்டினம். அதற்கும் பெரிய வரிசை. முழங்கால் உயரப் பிள்ளைகளுக்கு நடுவில் நாங்கள் ஆறு பேரும் நின்றோம். எங்கள் முறை வந்தபோது யார் எந்தக் குதிரையில் உட்காருவது என்று ஆரம்பித்தது. வெள்ளைக் குதிரை உங்களுக்கு, கறுப்பு எங்களுக்கு, இல்லை நீங்களே இதில் உட்காருங்கள் என்று பேசி முடிப்பதற்குள் ராட்டினம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரரும் சம்பந்தியும் குதிரையில் ஏறாமலே, நின்ற வாக்கில், ஆளுக்கொரு குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றினார்கள். சுற்றும்போதும் சம்பந்தி இந்த மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி இருக்கும் என்று விளக்கிக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்தது இருட்டுக் குகைக்குள் போகும் படகு. இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். மகள் பக்கத்தில் நான் ஒரு காலை வைத்தும்விட்டேன். அதற்குள் சம்பந்தியம்மா மருமகளின் கையைப் பிடித்துத் தன்னோடு உட்கார வைத்துக்கொண்டார். பிடுங்கிக்கொண்டார் என்று சொல்ல முடியாது. உங்கள் பெண்ணை நான் எவ்வளவு அருமையாக வைத்திருக்கிறேன் பாருங்கள் என்று எனக்குக் காட்டுவதற்காகச் செய்கிற மரியாதை அது. பதில் மரியாதையாக எனக்கு மாப்பிள்ளை கிடைத்தார். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று எந்த மாமியார் சொல்ல முடியும்?

அன்று முழுக்க அதே ஏற்பாடுதான். பறக்கும் யானை, சுழலும் டீக் கோப்பை, பேய் வீடு என்று எதில் ஏறினாலும் முன்னால் சம்பந்தியம்மாவும் என் மகளும், நடுவில் நானும் மாப்பிள்ளையும், பின்னால் ஆண்கள் இருவரும். மகளின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே நான் அந்தப் பூங்காவைச் சுற்றி முடித்தேன்.

மாப்பிள்ளையைக் கவனிக்க நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். குகைக்குள் தண்ணீர் தெறித்தபோது தன் கைக்குட்டையை எனக்குக் கொடுத்தார். பேய் வீட்டில் எலும்புக்கூடு தொங்கியபோது, "அத்தை, பயமா இருந்தா கண்ணை மூடிக்கங்க. முடிஞ்சதும் நான் சொல்றேன்" என்றார். வெளியில் வந்ததும் மறக்காமல் சொன்னார். ஐஸ்கிரீம் கடையில் மகளிடம் எது வேண்டும் என்று கேட்டார். அவள் அவருக்கு எதுவோ அது என்றாள். அவர் அவளுக்குப் பிடித்தது என்று நினைத்து ஒன்றை வாங்கினார். அவள் அவருக்குப் பிடித்தது என்று நினைத்து அதைச் சாப்பிட்டாள். இப்படி ஒரு தங்கமான மனிதரிடம் குறை கண்டுபிடிக்க என்னைப் போல மாமியாராக இருந்தாலும் முடியாது.

சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு முயற்சி செய்தேன். கை கழுவப் போகலாம் வா என்று மகளைக் கண்ணால் கூப்பிட்டேன். அவளும் புரிந்துகொண்டு எழுந்தாள். நாங்கள் இருவரும் வாஷ்பேசின் முன்னால் போய் நின்றபோது கண்ணாடியில் மூன்று முகம் தெரிந்தது. உங்களைத் தனியாக விட்டால் வழி தெரியாமல் போய்விடுவீர்கள் என்று சம்பந்தியம்மா துணைக்கு வந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் சுவரில் மாட்டியிருந்த சோப்பு டப்பாவை அமுக்கிய அமுக்கில் அது சுவரோடு ஆடியது.

வெயில் சாய ஆரம்பித்தது. பூங்காவின் கோடியில் அந்த ராட்சத ரயில் இருந்தது. காலையிலிருந்து எங்கே போனாலும் அதன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரும்புத் தண்டவாளம் வானத்துக்கு ஏறி, அங்கிருந்து தலைகுப்புற விழுந்து, முறுக்கு மாதிரி சுற்றி, எங்கோ மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்தது. விழும்போதெல்லாம் ஆட்கள் கூட்டமாக அலறினார்கள். வாசலில் பெரிய எச்சரிக்கைப் பலகை. இதய நோய், கழுத்து வலி, முதுகு வலி உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று படம் போட்டிருந்தார்கள். சம்பந்தியம்மாவுக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம். பயணத்தில்கூடக் கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டுதான் வந்தார்.

எனக்கு உயரம் ஆகாது. மாடிப்படியில் கைப்பிடி இல்லையென்றால் ஏற மாட்டேன். மகளுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, இதுல ஏறுவியா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். ஏறுவேன் என்றேன்.

என் வீட்டுக்காரர் கையிலிருந்த பாப்கார்னைக் கொட்டிவிட்டார். மாப்பிள்ளை, அத்தைக்குத் துணையாக நானும் வருகிறேன் என்று கிளம்பினார். உங்கள் அம்மாவுக்குக் கழுத்து வலிக்கிறது போலிருக்கிறது, நீங்கள் கூட இருங்கள் என்று சொல்லி அவரை உட்கார வைத்தேன். சம்பந்தியம்மாவுக்கு அந்த நிமிஷத்தில் ஒரு வலியும் இல்லை. ஆனால் நான் சொன்ன பிறகு மரியாதைக்குக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

அப்பாடா என்று வரிசையில் நின்று மகள் பக்கம் திரும்பினால், பின்னாலேயே சம்பந்தி வந்து நின்றார். பெண்பிள்ளைகளைத் தனியாக விட முடியுமா என்று சிரித்தார். அந்த வரிசை முழுக்க அவர் எங்களுக்குப் பிரேக் எப்படி வேலை செய்கிறது, சங்கிலி எப்படி இழுக்கிறது, அறுந்தால் என்ன ஆகும் என்று பாடம் எடுத்தார். அறுந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

கடைசியில் மேடைக்கு வந்தோம். முன்வரிசையில் இரண்டு இடம் காலியாக இருந்தது. சம்பந்தி வழக்கப்படி என்னைப் பார்த்து, "நீங்க முதல்ல ஏறுங்க, சம்பந்தி" என்றார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் மறுபேச்சுப் பேசாமல் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். அவர் மறு உபசாரத்துக்காகக் காத்திருந்தவர், அதே இடத்தில் வாயைத் திறந்தபடி நின்றார். அவரைப் பின்வரிசையில் யாரோ ஒரு வெளிநாட்டு இளைஞன் பக்கத்தில் உட்கார வைத்துக் கம்பியை இறக்கினார்கள்.

ரயில் நகர்ந்தது. சங்கிலி கடகடவென்று இழுக்க, நாங்கள் மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி மேலே போனோம். சத்தத்தில் பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது.

"சொல்லுடி. இப்பவே சொல்லு" என்றேன்.

"நானும் அவரும் பிரிஞ்சிடறதா இருக்கோம்மா."

கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். பார்த்துவிட்டேன். மரங்கள் எல்லாம் கீரைக் கட்டு மாதிரி தெரிந்தன. எனக்கு அது பயமாகவே இல்லை.

அடிக்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்றாள். குடியா? இல்லை. வேறு யாராவது? அதுவும் இல்லை. அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை என்றாள்.

"அப்புறம் என்னதான்டி கேடு?"

"ஒரு சண்டை கூட வந்தது இல்லம்மா. ரெண்டு வருஷமா ஒரே வீட்டுல நானும் அவரும் சம்பந்திங்க மாதிரி இருக்கோம்."

சங்கிலி இழுத்துக்கொண்டே இருந்தது. அவள் வேகவேகமாகச் சொன்னாள். உச்சி வந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும். எது கேட்டாலும் உன் இஷ்டம் என்கிறாராம். இவளும் அதையேதான் சொல்கிறாளாம். எந்தப் படம் பார்ப்பது என்று பேசிப் பேசியே டிவியை அணைத்துவிட்டுப் படுத்த ராத்திரிகள் எத்தனையோ. குழந்தை வேண்டுமா வேண்டாமா என்றுகூட இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் விட்டுக் கொடுத்து, கடைசியில் யாருக்கு என்ன வேண்டும் என்பதே தெரியாமல் போய்விட்டதாம். பிரிந்துவிடலாமா என்று இவள்தான் கேட்டாளாம். யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டு, மறுநாள் உனக்குச் சரியென்றால் சரி என்றாராம்.

"உங்க நாலு பேரையும் உக்கார வச்சு ஒண்ணாச் சொல்லணும்னுதான் வரச் சொன்னோம். வந்ததுல இருந்து நீங்க ஒருத்தரை ஒருத்தர் கொஞ்சிக்கிட்டே இருக்கீங்க. எப்படிம்மா சொல்றது?"

"உனக்கு அவரு வேணுமா, வேண்டாமா? அதைச் சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். உச்சி வந்துவிட்டது. ஒரு நொடி எல்லாம் நின்றது. பிறகு நாங்கள் விழுந்தோம்.

நான் கத்தினேன். எல்லோரும் பயத்தில் கத்தினார்கள், நான் கோபத்தில் கத்தினேன். சம்பந்தியை, சம்பந்தியம்மாவை, என் வீட்டுக்காரரை, மாப்பிள்ளையை, விட்டுக் கொடுத்துப் போ என்று கல்யாணத்தில் மைக் பிடித்து வாழ்த்திய அத்தனை பேரையும் பேர் சொல்லித் திட்டினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைக்கூட அப்படித் திட்டியதில்லை. பக்கத்தில் என் மகளும் கத்திக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டது அன்றுதான்.

கீழே இறங்கியபோது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சம்பந்தி கலைந்த தலைமுடியைச் சரி செய்துகொண்டு, தலைமையாசிரியைக் குரல் என்றால் இதுதான் என்று மெச்சினார். அவர் காதில் என்ன விழுந்ததோ தெரியாது. விழுந்திருந்தாலும் மரியாதைக்குச் சொல்ல மாட்டார்.

வெளியே பெஞ்சில் மற்ற மூவரும் இருந்தார்கள். மாப்பிள்ளை எழுந்து வந்து முதலில் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பிறகு என் மகளுக்கு. என் வீட்டுக்காரர் அடுத்து எங்கே போகலாம் என்று சம்பந்தியம்மாவைக் கேட்க, அவர் என்னைக் கேட்கத் திரும்பினார். நான் அவரைப் பார்க்கவே இல்லை.

"மாப்பிள்ளை, என் பொண்ணு உங்களைப் பிரிஞ்சு போறேங்கறா. உங்களுக்கு சம்மதமா?"

சம்பந்தியம்மாவின் கை கழுத்திலேயே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் உதறினேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. முடியாது என்று அவர் சொல்லட்டும். அவளை விட மாட்டேன் என்று சொல்லட்டும். இல்லை, இதைக் கேட்க நீங்கள் யார் என்று என் மேல் எரிந்து விழட்டும், உங்கள் பெண் சரியில்லை என்று நாலு பேர் முன்னால் கத்தட்டும். எதைச் சொன்னாலும் அதைப் பிடித்துக்கொண்டு இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று நின்றேன். என் மகள் தண்ணீரைக் குடிக்காமல் பாட்டிலைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பெற்றவள் நான். அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள்.

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என் மகளைத்தான் பார்த்தார்.

"அவளுக்கு எது சந்தோஷமோ, எனக்கும் அதுதான் அத்தை" என்றார்.

என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "தேங்க்ஸ்ங்க" என்றாள்.

திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். அந்த மனிதரிடம் திட்டுவதற்கு என்ன இருக்கிறது? சம்பந்தியம்மா அவர் பிள்ளையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரையும் உட்காரச் சொல்லாமல் தான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தார். சம்பந்திக்கும் விளக்கம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. நான் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தேன். போகலாமா என்று யாரையும் கேட்கவில்லை.